திருப்புளி தீண்டாத கைகள்

பள்ளி அறிவியற் கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலையில் தந்தையார் கடைத்தெருவுக்குப் போகிறார். மழைத்துளி பட்டால் தானே மணியடிக்கும் கருவி, இருள் சூழ்ந்தால் தானே எரியும் விளக்கு என, விலை குறித்து அடுக்கி வைக்கப்பட்டுள்ளவற்றுள் ஒன்றை மகனுக்கு வாங்கித் தருகிறார். கடைக்காரர் உடன் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளும் கொடுக்கிறார். இரவு நெடுநேரம் மகன் அத்தாளை உருப்போடுகிறான். மறுநாள் நடுவர் ஒருவர் அக்கருவியின் மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் உறுப்பொன்றைச் சுட்டி, 'இஃது இங்கே என்ன செய்கிறது?' என்று வினவினால், மகனின் கண்கள் தந்தையைத் தேடும். தந்தையின் கண்கள் வாயிலைத் தேடும். ஆயினும் பரிசு அவனுக்கே கிடைக்கிறது. ஏனெனில், நடுவரும் அங்ஙனம் வினவுவதில்லை.

இக்கூத்துக்குக் கல்வி என்று பெயர்! பள்ளியோடு இது முடிகிறதா எனின், இல்லை. பொறியியற் பட்டத்துக்குரிய இறுதியாண்டுச் செய்பணியையே விலைக்கு வாங்கி, தலைப்பை மட்டும் மாற்றி ஒப்படைப்போர் உளர். வாங்கத் தெரிந்தவன் பட்டம் பெறுகிறான். வீட்டு மூலையில் கிடந்த பழைய வானொலியைத் திருப்புளியால் திறந்து, உறுப்புகளைப் பாயில் பரப்பி வைத்து, எது எதனோடு இணைகிறது என்று கண்டறிய முனைந்தவனோ, 'வீட்டைக் குப்பை மேடாக்குகிறான்' என்று அடி வாங்குகிறான். குப்பை எது, கல்வி எது என்று பிரித்தறியும் திறனே இந்நாட்டுப் பெற்றோர்க்கு மழுங்கிவிட்டது போலும்!

இம்மழுக்கத்துக்குக் கரணியம் ஒன்று உண்டு. கையால் செய்வது தாழ்வு, வாயால் சொல்வது உயர்வு என்னும் நச்சுக் கருத்து இந்நிலத்தில் நெடுங்காலமாக ஊன்றப்பட்டுள்ளது. உளி பிடித்தவனையும் உலை ஊதியவனையும் கீழே தள்ளி, ஓதியவனை மேலே ஏற்றி வைத்த அமைப்பின் எச்சமே அது. தமிழ்ப் புலவரோ அங்ஙனம் கருதினாரல்லர். நேரிசை வெண்பாவில், முதற்குறட்பாவின் இறுதிச் சீரும் தனிச்சொல்லும் இசையாது நிற்குமிடத்து, இடையே ஓரசையோ ஈரசையோ சேர்த்துப் பொருத்துவர். அவ்வாறு சேர்ப்பதற்கு 'ஆசு' என்றும், அவ்வெண்பாவுக்கு 'ஆசிடை நேரிசை வெண்பா' என்றும் பெயர் வைத்தனர். ஆசாவது யாது? பொற்கொல்லன் இரு பொன்துண்டுகளை இணைக்க இடும் பற்றாசு! யாப்பிலக்கணத்துக்கே கம்மியன் பட்டறையிலிருந்து சொல் எடுத்த மொழி இது. இன்று கடைத்தெருவில் 'சால்டரிங்' என்று வழங்கும் வினை அப்பற்றாசு வைத்தலேயன்றி வேறன்று. வெண்பாவின் ஆசினை அறிந்த தமிழாசிரியர்க்குப் பற்றாசுக்கோலின் முனை எவ்வளவு சுடும் என்று தெரியாதிருப்பதும், பற்றாசு வைக்கத் தெரிந்த பழுதுபார்ப்பவர்க்கு அச்சொல்லே தெரியாதிருப்பதும் இரு வேறு கேடுகள் அல்ல. ஒரே கேட்டின் இரு புறங்கள்.

வீட்டில் கிடந்ததைக் கொண்டு செய்து பார்த்தவர்கள் யாவர் என்று வரலாற்றை வினவட்டும். மைக்கேல் பாரடே இலண்டனில் பொத்தகம் தைக்கும் தொழில் பயின்ற ஏழைப் பிள்ளை. தைப்பதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றவர். 1812-இல் ஏழு அரைப்பென்னிச் செப்புக் காசுகளையும், ஏழு துத்தநாக வட்டுகளையும், உப்புநீரில் நனைத்த தாள் துண்டுகளையும் மாறிமாறி அடுக்கித் தாமே ஒரு மின்கல அடுக்குச் செய்தார். மின்தூண்டலை அவர் கண்டறிந்தது 1831-இல். இன்று உலகில் சுழலும் மின்னாக்கிகளுக்கெல்லாம் அடிப்படை அதுவே. அன்று அவர் வீட்டிலும் எவரேனும் 'காசைக் கெடுக்கிறான்' என்று அவ்வடுக்கை வெளியே வீசியிருந்தால்?

கல்கத்தாவில் சகதீசு சந்திர போசு, கருவி செய்வதற்குக் கல்வியறிவற்ற தகரக்கொல்லர் ஒருவரைப் பழக்கி வைத்துக்கொண்டு, சிற்றறை ஒன்றில் ஆய்வு நடத்தினார். 1895-இல் கம்பியில்லாமல் அலையைச் செலுத்தித் தொலைவில் மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் கல்லால் அலையை உணரும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. பேராசிரியரும் தகரக்கொல்லரும் ஓரறையில் நின்றதால் விளைந்த விளைவு இது. தகரக்கொல்லரை வாயிற்படியில் நிறுத்தி வைத்திருந்தால் பேராசிரியர் சொற்பொழிவு மட்டுமே ஆற்றியிருப்பார்.

இவையெல்லாம் அயலார் கதை என்று ஒதுக்குவோர் சென்னையின் கதையையேனும் கேட்கட்டும். 'அனைத்திந்திய வானொலி' என்று பெயர் பூண்டு அரசு வந்தது 1936-இல். சென்னை நிலையம் 1938-இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-இலும் தோன்றின. அதற்கு முன்னரே, 1924-இல், சி.வி. கிருட்டிணசாமிச் செட்டியாரும் அவரொத்த ஆர்வலர்களும் கூடிச் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினர். அவர் இங்கிலாந்திலிருந்து உறுப்புகளைக் கொணர்ந்து தாமே அலைபரப்பியைப் பூட்டினார். அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 வாட்டு. முன்னாளைய அறை விளக்கொன்றின் அளவு. அவ்வாண்டு சூலை 31-இல் அவ்வலைபரப்பி பேசிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது வாய் மூடியபோது, கருவிகள் சென்னை மாநகராட்சிக்குப் போயின. 1930 ஏப்பிரலில் மாநகராட்சி ஒலிபரப்பத் தொடங்கிற்று. இலங்கையிலும் அப்படியே. 1923-இல் கொழும்புத் தந்தி நிலையத்துப் பொறியாளர்கள், போரில் பிடிபட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைப் பிரித்தெடுத்து அலைபரப்பி அமைத்தனர். பின்னாளில் தமிழகத்து வீடுதோறும் காலையில் ஒலித்த இலங்கை வானொலிக்கு வித்து அந்தப் பிரித்தெடுத்த பொருள்கள்தாம்.

ஆர்வலர் முன்னே சென்றனர்; அரசு பின்னே வந்தது. வந்த அரசு செய்த முதல் வேலைகளுள் ஒன்று, 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தால், உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் வீட்டு வானொலிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி முத்திரை பெற்று வந்தனர் மக்கள். கேட்பதற்கே உரிமம் வேண்டிய நாட்டில், செய்து பார்ப்பதற்கு எவன் துணிவான்?

இனி மொழிக்கு வருவோர் சிலர் ஒரு தடை எழுப்புவர். 'மின்னணுவியல் ஆங்கிலத்தில் பிறந்தது. அதை ஆங்கிலத்தில்தான் கையாள முடியும். கடையில் போய் மின்தடை கொடு என்றால் எவனுக்கு விளங்கும்?' என்பர். இக்கூற்றின் வெறுமையைக் காட்ட ஒரே எடுத்துக்காட்டுப் போதும்.

மின்தடை என்பது அரிசிமணியினும் சற்றே பெரிய சிற்றுறுப்பு. அதன்மேல் எண்ணெழுத இடமில்லை. ஆகலின் நிற வளையங்களால் அளவைக் குறித்தனர். கருப்பு சுழி, பழுப்பு 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. இவ்வரிசையை மனத்தில் இருத்தத் தமிழ்நாட்டு வகுப்பறைகள் பலவற்றில் கற்பிக்கப்படுவது என்ன தெரியுமா? பெரிய பிரித்தானியாவைச் சேர்ந்த இராய் என்பவனுக்கு மிக நல்ல மனைவி வாய்த்தாள் என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலத் தொடர்! அதன் முதலெழுத்துகளைப் பிடித்து ஆங்கில நிறப்பெயர்களை வரவழைக்க வேண்டுமாம். வெள்ளையன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்தும் திருநெல்வேலிச் சிற்றூர்ப் பிள்ளை மின்தடையின் அளவை அறியப் பிரித்தானியனின் மனைவியை நினைத்தாக வேண்டும்!

அவ்வரிசையை ஒருமுறை கண் திறந்து பார்த்தால் எந்தத் தொடரும் வேண்டா. நடுவில் இருப்பது வானவில்: சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. வானவில்லுக்கு முன்னே இருள் நிறங்கள் இரண்டு; பின்னே வெளிர் நிறங்கள் இரண்டு. கருமையில் தொடங்கி, மண்ணின் பழுப்பைக் கடந்து, வானவில் வழியே வெண்மைக்குப் போகும் பாதை அது. ஆங்கிலத் தொடர் இவ்வொழுங்கை மறைத்தது; தாய்மொழி அதைத் திறந்து காட்டுகிறது. மஞ்சள், ஊதா, பழுப்பு என்று மூன்று வளையங்கள் இருந்தால் 4, 7, அதன்பின் ஒரு சுழி; ஆக 470 ஓம். இறுதியில் பொன்னிற வளையம் இருப்பின் நூற்றுக்கு 5 கூடவோ குறையவோ இருக்கலாம்; வெள்ளி நிறமாயின் 10. இவ்வளவே மறைபொருள்!

அந்த 470 ஓம் தடையை 9 வோல்ட்டு மின்கலத்தோடும் ஒரு சிவப்பு ஒளியுமிழ் இருமுனையத்தோடும் வரிசையாக இணைக்கட்டும். விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 7 வோல்ட்டைத் தடை தாங்கும். 7-ஐ 470-ஆல் வகுத்தால் 15 மில்லியாம்பியருக்குச் சற்றுக் குறைவான ஓட்டம். தடையை நீக்கிவிட்டு இணைத்தால் விளக்கு ஒருமுறை பளிச்சிட்டுக் கருகும். அக்கருகலைக் கண்ட பிள்ளைக்குத் 'தடை' என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 'இரெசிசுடர்' என்று நூறுமுறை எழுதிய பிள்ளைக்கோ அஃது ஓசை மட்டுமே.

ஈழத்துத் தமிழர் இவ்வழியில் முன்சென்றனர். அங்கே பள்ளி அறிவியலைத் தமிழிலேயே பயின்றனர். தடையி, கொள்ளளவி, இருவாயி என்று சொல் படைத்தனர். அவற்றைக் கொண்டே தேர்வெழுதினர். இங்கே மின்தேக்கி, இருமுனையம், திரிதடையம் என்றனர். திரிதடையத்தின் 'திரி' வடமொழியின் மூன்றைக் குறிப்பது என்று, அதன் மூன்று கால்களைப் பார்த்துச் சிலர் மயங்குவர். அன்று, அது 'திரிதல்' என்னும் தூய தமிழ் வினை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1947 திசம்பரில் அவ்வுறுப்புப் பிறந்தபின், மாற்றும் தடை என்னும் பொருள்படவே ஆங்கிலப் பெயரையும் ஒட்டி இணைத்தனர். கடைக்காரர்க்கு விளங்காதெனின், கடைக்காரர் பிறக்கும்போதே ஆங்கிலச் சொல்லோடு பிறந்தாரா? சென்னை இரிச்சித் தெருவில் உறுப்பு விற்கும் எளியவர் பலர் அவ்வயற்சொற்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகினர். கேட்பவர் மாற்றிக் கேட்டால் விற்பவர் மாற்றிச் சொல்வார். சந்தையின் இலக்கணம் அது.

ஒன்றை ஒளிக்காமல் கூறவேண்டும். சொல்லாக்கத்தில் ஈடுபட்டோருள் சிலர், பொருளைக் கையால் தொட்டறியாமல் அகரமுதலியை மட்டும் புரட்டிச் சொல் படைத்தனர். அவை அச்சில் பிறந்து அச்சிலேயே மாண்டன. பற்றாசுக் கோலின் சூடு படாத சொல் பட்டறையில் நிற்காது. தனித்தமிழ் உணர்வாளர் வீட்டில் கலைச்சொல் அடைவு ஒன்று இருப்பின், அதன் அருகில் ஒரு திருப்புளியும் ஒரு குறடும் இருக்க வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் தனித்தனியே உருகும் சூட்டினும் குறைந்த சூட்டில், 183 பாகையிலேயே, இரண்டும் தக்க அளவில் கலந்த பற்றாசு உருகுகிறது. அதுபோல் மொழியும் கலந்தால்தான் எளிதாகும் என்று நயம் பேசுவாரும் உளர். எளிதில் உருகுவது பற்றாசுக்குத் தகும், மொழிக்குத் தகாது!

'பிள்ளைகள் மின்னைத் தொட்டால் உயிருக்கு இடரன்றோ?' என்பது அடுத்த தடை. அச்சம் பொருளற்றதன்று. சுவரில் வரும் 230 வோல்ட்டு உயிர் குடிக்கும். கண்ணாடிப் படக்குழல் கொண்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டி, இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளே கொடிய மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். அறியாதார் அதைத் திறத்தல் ஆகாது. ஆனால் அடுப்பில் தீ இருக்கிறது என்பதற்காகச் சமையலை எவரும் விலக்குவதில்லை. எங்கே தொடலாம், எங்கே தொடலாகாது என்று தாய் கற்பிக்கிறாள். கற்பிக்க அறியாத பெரியோரே விலக்குகின்றனர்.

சுவர் மின்னும் வேண்டாது, மின்கலமும் வேண்டாது இயங்கும் கருவி ஒன்று உண்டே, அதைச் செய்யச் சொன்னவர் எத்தனை பேர்? ஆறு சென்றிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் அட்டைக் குழல். அதன்மேல் மேற்பூச்சுள்ள செப்புக்கம்பியை நெருக்கமாக அறுபது எழுபது சுற்றுச் சுற்ற வேண்டும். பழைய வானொலியிலிருந்து கழற்றிய மாறும் மின்தேக்கி ஒன்று. செருமானியத்தால் ஆன இருமுனையம் ஒன்று. மிகைத் தடையுள்ள செவிக்கருவி ஒன்று. மாடியிலிருந்து வேப்பமரம் வரை கட்டிய பதினைந்து இருபது மீட்டர் வான்கம்பி. மின்கம்பிகளுக்கு அருகில் அதைக் கட்டலாகாது, இடிமின்னல் வேளையில் அதைத் தொடலாகாது. ஈரமண்ணில் புதைத்த நிலக்கம்பி. இவ்வளவே! சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து வானத்தில் நிறைந்த அலைகளுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுக்கின்றன. இருமுனையம் இருபுறமும் அசையும் ஓட்டத்தை ஒருபுறமாக்குகிறது. செவிக்கருவி அதைக் குரலாக்குகிறது. எல்லா ஆற்றலும் அந்த அலையிலிருந்தே வருகிறது. 1944-இல் இத்தாலியின் ஆன்சியோவில் பதுங்குகுழியில் கிடந்த படைவீரர்க்கு இருமுனையம்கூடக் கிடைக்கவில்லை. மழிதகட்டின்மேல் கரிக்கோல் முனையை ஊன்றி அதையே அலையுணர்வியாக்கிப் பாட்டுக் கேட்டனர். செருமனியும் பிரான்சும் போன்ற நாடுகள் நடுவலை ஒலிபரப்பைக் கைவிட்டுவிட்டன. எனினும் நடுவலை வலுவாக எட்டும் ஊர்களில் அட்டைக் குழல் பேசும். மூன்று நாள் ஒலியின்றிக் கிடந்து, நான்காம் நாள் பூச்சைச் சுரண்டாமல் இணைத்த கம்பிமுனையைக் கண்டுபிடித்துச் சுரண்டியவுடன் செவியில் மெல்லிய குரல் எழும் வேளையில் அப்பிள்ளை பெறுவதை எந்தக் கடையில் வாங்கித் தருவார் தந்தையார்?

பிள்ளையின் கையைக் கட்டுவோர் பெற்றோரும் பள்ளியும் மட்டுமல்லர். கருவி விற்கும் பெருவணிகக் குழுமங்கள் இப்போது மூடியையே திறக்கவொண்ணாதபடி செய்துவிட்டன. முற்காலத்து வானொலிகள் பலவற்றின் பின்மூடிக்குள் சுற்றுவரைபடமே ஒட்டப்பட்டிருக்கும். பழுதுபார்ப்பவர் அதைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றார். இன்றைய கைப்பேசியோ பசையால் ஒட்டப்பட்டுள்ளது. திருகாணியின் தலையும் எளிய திருப்புளி நுழையாத வடிவில் உள்ளது. மின்கலம் தளர்ந்தால் கருவியையே எறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்கின்றனர். விலை கொடுத்தவனுக்கு உள்ளே பார்க்கும் உரிமை இல்லையாம்! ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி வகுத்து, சிறு கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றத்தக்கவாறு 2027 முதல் அமைக்க வேண்டும் என்றது. இந்திய ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022 சூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. வலைவாயில் ஒன்றையும் திறந்தது. குழு அமைப்பதில் தில்லிக்கு என்றும் குறைவில்லை. ஒட்டிய பசைதான் இளகவில்லை.

தமிழ்நாட்டில் வேறு வகையாக எண்ணிய ஒருவர் இருந்தார். கோவை கோ.து. நாயுடு இளமையில் வெள்ளை அலுவலர் ஒருவரிடமிருந்து உந்துவண்டி வாங்கி, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் பூட்டிக் கற்றவர். 1941-இல், ஐந்து வெற்றிடக்குழல் கொண்ட வானொலியை 70 உருபாவுக்கு இங்கேயே செய்து தர இயலும் என்று அவர் அறிவித்தார். அந்த 70 உருபா வானொலி வீடுதோறும் வந்திருந்தால், அதன் மூடியைத் திறந்து பார்த்த பிள்ளைகளும் வீடுதோறும் இருந்திருப்பர். 1975 சனவரியில் அமெரிக்க ஆர்வலர் இதழொன்றின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் கணிப்பொறி வந்தது. உறுப்புகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளத்தக்கதாக அது விற்கப்பட்டது. அதைப் பார்த்துக் கிளர்ந்த ஆர்வலர்கள் வண்டிக் கொட்டகையில் கூடிப் பேசினர். அக்கூட்டத்திலிருந்து ஓராண்டுக்குள் ஆப்பிள் கணிப்பொறி பிறந்தது. இன்று அவர்கள் வழியினர் ஒட்டி மூடிய பெட்டியைத் தமிழர் தவணையில் வாங்குகின்றனர்.

பள்ளிகள் செய்யத்தக்கது எளிது, செலவும் இல்லை. கண்காட்சிக்கு வரும் ஒவ்வொரு கருவியையும் நடுவர் முன்னிலையில் பிரித்து, அம்மாணவனே மீண்டும் பூட்டிக் காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியர் அறிவிக்கட்டும். பூட்டத் தெரியாதவன் கருவி எவ்வளவு பளபளப்பாயினும் மதிப்பெண் இல்லை. பூட்டியவன் கருவி இயங்காவிடினும், ஏன் இயங்கவில்லை என்று தமிழில் எடுத்துரைப்பானாயின் பாதி மதிப்பெண் உண்டு. ஊர்தோறும் வானொலி பழுதுபார்த்து, கைப்பேசி வந்தபின் கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போன பெரியவர் ஒருவரேனும் இருப்பார். காரிக்கிழமை ஒரு பொழுது அவரை வகுப்பறைக்குள் அழைத்து, அறிவியலாசிரியர்க்கு இணையாக இருக்கை இட்டு, அவர் பரண்மேல் போட்டு வைத்திருக்கும் பற்றாசுக் கோலை இறக்கி வரச் சொல்லட்டும்.